விருந்தாளிக்கு அடுப்படி, மேளக்காரருக்கு முற்றம்

நேபாள மலைக்கிராமங்களில் தங்கிப் படிக்க வெளிநாட்டு மாணவர்கள் வருகிறார்கள். அவர்களுக்குக் கதவு திறக்கிறது. மேளம் அடித்து அவர்களை ஊருக்குள் அழைத்துவரும் தலித் கலைஞருக்கு அதே கதவு திறக்கிறதா?

அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் பலர், பட்டப்படிப்பின் நடுவே ஒரு செமஸ்டரை வேறொரு நாட்டில் படிக்கிறார்கள். அங்கே படித்த பாடங்கள் சொந்தக் கல்லூரியின் கணக்கில் சேர்ந்துவிடும். இப்படி அவர்கள் தேடிப்போகும் நாடுகளில் ஒன்று நேபாளம். கலிபோர்னியாவில் உள்ள பிட்சர் கல்லூரி 1970களிலிருந்தே அங்கே மாணவர்களை அனுப்பிவருகிறது. கார்னெல் பல்கலைக்கழகம் 1993இல் திரிபுவன் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, காத்மாண்டுவை ஒட்டிய கீர்த்திபூரில் ஒரு படிப்பைத் தொடங்கியது. வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த எஸ்.ஐ.டி. என்ற கல்வி நிறுவனமும் நேபாளத்தில் இத்தகைய படிப்பை நடத்திவருகிறது.

இந்தப் படிப்புகளின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். முதல் சில வாரங்கள் காத்மாண்டு பள்ளத்தாக்கில் நேபாளி மொழி வகுப்பு. கூடவே ஏதாவது ஒரு குடும்பத்தோடு தங்கல். பிறகு மலைக்கிராமம் ஒன்றில் சில நாட்களோ சில வாரங்களோ வாசம். அதன் பிறகு மலைப்பாதைகளில் பல நாள் நடை. கடைசியில் மாணவர் தாமே ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு களஆய்வு செய்து கட்டுரை எழுதித் தர வேண்டும்.

தங்கும் வீட்டில் மாணவர் வாடகைக்காரராக இருப்பதில்லை. வீட்டு அம்மாவை 'ஆமா' என்று அழைப்பார். நேபாளியில் ஆமா என்றால் அம்மா. அப்பா 'புவா', அக்கா 'தீதி', அண்ணன் 'தாயி'. காலையும் மாலையும் அந்தக் குடும்பம் உண்ணும் பருப்பும் சோறும்தான் அவருக்கும். உறவுமுறை சொல்லி அழைத்து, ஒரே அடுப்பில் வெந்ததை உண்டு, ஒரு சமூகத்தை உள்ளிருந்து அறிந்துகொள்வது என்பதே இதன் அடிப்படை.

இந்த முறைக்கு வயது 90க்கு மேல். 1932இல் டொனால்ட் வாட் என்ற அமெரிக்கர், தம் நாட்டு இளைஞர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்று அந்த நாட்டவரோடு சேர்ந்து வாழச் செய்தார். அவர் தொடங்கிய அமைப்பு பின்னாளில் குடும்பங்களோடு தங்கிப் பழகுவதையே தன் அடையாளமாக்கிக்கொண்டது. எஸ்.ஐ.டி. நிறுவனம் அதிலிருந்து பிறந்ததுதான். மக்கள் ஒன்றாக வாழ்ந்தால் ஒருவரையொருவர் புரிந்துகொள்வார்கள் என்பது வாட் வைத்த நம்பிக்கை. நல்ல நம்பிக்கைதான். ஆனால் சாதி உள்ள ஊரில் 'வீடு' என்று சொன்னவுடன் 'யாருடைய வீடு' என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது.

சிருபாரியில் தொடங்கிய வழி

நேபாளத்தில் கிராமம் முழுவதுமாகச் சேர்ந்து விருந்தினரை வீடுகளில் தங்கவைக்கும் முறை 1997இல் தொடங்கியது. போக்கராவுக்குத் தெற்கே ஸ்யாங்ஜா மாவட்டத்தில் உள்ள சிருபாரி என்ற குருங் கிராமம் இதற்கு முன்னோடி. அங்கே ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்கள் பலர். கல் வீடுகளும் கல் பாவிய பாதைகளும் கொண்ட ஊர். ஓட்டல் கட்டாமல், இருக்கும் வீடுகளிலேயே விருந்தினரைத் தங்கவைத்து, ஊர்க்குழு ஒன்று முறைவைத்து வீடுகளைப் பிரித்துக்கொடுக்கும் வழக்கம் அங்கிருந்து மற்ற ஊர்களுக்குப் பரவியது. 2010இல் நேபாள அரசு இதற்கென நடைமுறை விதிகளை வெளியிட்டது. தனிக்குடும்பம் நடத்துவது ஒரு வகை. பல வீடுகள் சேர்ந்து ஊராக நடத்துவது இன்னொரு வகை.

இப்படிப்பட்ட ஊர்களுக்கு விருந்தினர் வரும்போது வரவேற்பு தடபுடலாக இருக்கும். ஊர் எல்லையில் பெண்கள் மாலையோடு நிற்பார்கள். பஞ்சே பாஜா முழங்கும். சனாயி என்ற குழல், நரசிங்கா என்ற வளைந்த கொம்பு, தமாஹா, த்யாம்கோ என்ற பெரிதும் சிறிதுமான தோல் முரசுகள், ஜ்யாலி என்ற தாளம் ஆகியவை சேர்ந்தது அந்த இசை. நம் ஊர்த் திருவிழாவில் நாகசுரமும் பறையும் இல்லாமல் சாமி புறப்படாததுபோல, நேபாள மலையில் பஞ்சே பாஜா இல்லாமல் கல்யாண ஊர்வலம் நகராது.

அதை வாசிப்பவர்கள் தமாயி சமூகத்தினர். பரியார் என்ற குடும்பப் பெயரைப் பலர் வைத்திருப்பார்கள். துணி தைப்பதும் இசை வாசிப்பதும் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட தொழில். அவர்கள் தலித்துகள். வாசித்துக்கொண்டே விருந்தினரை ஊருக்குள் அழைத்து வருவார்கள். விருந்தினர் வீட்டுக்குள் போவார். இசைத்தவர் முற்றத்தோடு நின்றுவிட வேண்டும் என்பதுதான் மலைக்கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் வழக்கம். அவர் உள்ளே வந்தால் வீடு தீட்டு. அவர் தொட்ட குடத்துத் தண்ணீர் தீட்டு. அடுப்படியில் கால் வைத்தால் வெந்துகொண்டிருக்கும் சோறும் தீட்டு.

சட்டம் போட்டுச் சாதி வளர்த்த நாடு

இந்த வழக்கம் தானாக வந்ததில்லை. நேபாளத்தில் அதற்கு எழுதப்பட்ட சட்டமே இருந்தது. 1850இல் லண்டனுக்கும் பாரிசுக்கும் போய்த் திரும்பிய ஜங் பகதூர் ராணா, 1854இல் 'முலுகி ஐன்' என்ற நாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தார். நாட்டில் உள்ள எல்லாச் சாதிகளையும் இனங்களையும் அது மேலிருந்து கீழாக ஐந்து அடுக்குகளில் வைத்தது. மேலே பூணூல் போட்டவர்கள். அடுத்து, அடிமையாக்கக் கூடாத, மது அருந்தும் இனத்தார்; குருங், மகர் போன்றோர் இதில் வந்தார்கள். மூன்றாவது, அடிமையாக்கத்தக்க இனத்தார். நான்காவது, தண்ணீர் வாங்கக்கூடாதவர்கள். ஆனால் தொட்டால் தீட்டில்லை. ஐந்தாவது, தண்ணீரும் வாங்கக்கூடாது, தொட்டாலும் நீர் தெளித்துத் தீட்டுக் கழிக்க வேண்டும் என்று ஒதுக்கப்பட்டவர்கள்.

காமி என்ற கொல்லர், சார்க்கி என்ற தோல் தொழிலாளர், தமாயி, சாரங்கி வாசித்துப் பாடும் காயினே, பாதி ஆகிய சமூகங்கள் ஐந்தாம் அடுக்கில் தள்ளப்பட்டன. தீட்டுக் கழிக்கத் தெளிப்பது தங்கம் பட்ட தண்ணீர். அந்தத் தங்கத்தில் நகை செய்கிற சுனார், காமி சமூகத்தின் ஒரு பிரிவு, அவரும் தீண்டத்தகாதவர். அவர் கை பட்டு உருவான தங்கம் தீட்டைக் கழிக்கும். அவர் கை மட்டும் தீட்டு.

வெளிநாட்டு மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு செய்தி இந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஐரோப்பியர்களை அது 'மிலேச்சர்' என்று குறித்து நான்காம் அடுக்கில் வைத்தது. அதாவது தலித்துகளுக்கு ஒரு படி மட்டும் மேலே. வெள்ளைக்காரர் கையால் தண்ணீர் வாங்கினால் அன்றைய சட்டப்படி குற்றம். 1854இன் கணக்குப்படி பார்த்தால், இன்று அடுப்பருகே உட்கார்ந்து ஆமாவுக்குக் கீரை ஆய்ந்துகொடுக்கும் அமெரிக்க மாணவியும், வாசலில் நின்று சனாயி வாசிக்கும் தமாயியும் அடுத்தடுத்த படியில் இருந்தவர்கள்.

பிறகு என்ன நடந்தது? ராணாக்கள் ஆட்சி 1951இல் முடிந்தது. நாடு வெளியாருக்குத் திறந்தது. மலையேற வந்தவர்கள் பணத்தோடு வந்தார்கள். மிலேச்சர் விருந்தாளி ஆனார். இன்றும் சில பார்ப்பன, செத்ரி வீடுகளில் வெளிநாட்டவரை அடுப்புப் பக்கம் விடுவதில்லை, உண்மைதான். ஆனால் அவருக்குக் கதவு திறக்கிறது, படுக்கை விரிக்கப்படுகிறது, உறவுமுறை கிடைக்கிறது. சாதி மாறவே மாறாது, அது ஆதிகாலத்து ஏற்பாடு என்று சொல்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. வருமானம் வரும் என்று தெரிந்தால் நான்காம் அடுக்குக்குத் தீட்டு கரைந்துவிடுகிறது. ஐந்தாம் அடுக்குக்கு மட்டும் அது கெட்டியாக நிற்கிறது.

பட்டியலில் வராத வீடுகள்

தலித் வீட்டில் விருந்தினரைத் தங்கவைக்கக் கூடாது என்று எந்த விதியிலும் எழுதப்படவில்லை. எழுதாமலே அது நடக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

முதல் காரணம் வீடு. விருந்தினருக்குத் தனி அறை வேண்டும், சுத்தமான கழிப்பறை வேண்டும். ராணுவ ஓய்வூதியமும் வெளிநாட்டு வருமானமும் உள்ள குடும்பத்தில் அவை இருக்கும். நிலமே இல்லாத, இருந்தாலும் மலைச்சரிவில் துண்டு நிலம் மட்டுமே உள்ள தலித் குடும்பத்தில் அதற்கு வழியில்லை. மலைக்கிராமங்களில் தலித்துகளுக்குக் கூலியாகப் பணம் கொடுக்காமல், ஆண்டுக்கு ஒருமுறை அறுவடையில் இத்தனை படி தானியம் என்று அளந்துபோடும் 'பாலிகரே' முறை நீண்டகாலம் இருந்தது. வருடம் முழுவதும் துணி தைத்துக் கொடுத்தவருக்கும் அரிவாள் அடித்துக் கொடுத்தவருக்கும் களத்துமேட்டில் தானியம். நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. அப்படி வாழ்ந்த குடும்பம் கூடுதல் அறை கட்டுவது எங்கே?

இரண்டாவது காரணம் சோறு. வறுத்தது, பொரித்தது, பழம் இவற்றுக்குத் தீட்டு விதி தளர்வு. நீரில் வெந்த சோற்றுக்குத்தான் விதி கடுமை. ஊராகச் சேர்ந்து நடத்தும் முறையில் வரவேற்பு, பொதுச் சமையல், கலை நிகழ்ச்சி எல்லாம் கூட்டாக நடக்கும். தலித் வீடு ஒன்று அதில் சேர்ந்தால், 'அவர்கள் சமைத்ததை எங்கள் விருந்தினர் சாப்பிட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தால் என்ன செய்வது' என்ற பேச்சு வரும். வெளிநாட்டவர் மட்டுமா வருகிறார்கள்? உள்நாட்டுப் பயணிகளும் வருகிறார்கள். அவர்கள் குடும்பப் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பார்கள். பி.கே. என்றால் பிஸ்வகர்மா. எந்தச் சாதி என்று அந்த இரண்டு எழுத்திலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது காரணம் குழு. எந்த வீட்டுக்கு எந்த விருந்தினர் என்று முடிவு செய்வது ஊர்க்குழு. அதில் தலித்துக்கு இடம் இருந்தால்தான் வீடும் பட்டியலில் வரும். இசைக்கு அழைக்கும்போது மட்டும் அவர்கள் பெயர் நினைவுக்கு வந்தால், விருந்தினர் தரும் பணத்தில் வாசித்த கூலி மட்டும் அவர்களுக்குப் போகும். ஒரு வாரம் தங்கியதற்கான வருமானம் போகாது.

இந்த நிலையில் மாணவருக்கும் ஒரு சிக்கல் வருகிறது. நேபாளக் கிராமங்களில் தங்கி ஆய்வு செய்தவர்கள் நன்கு அறிந்த சிக்கல் அது. மேலே உள்ள வீட்டில் தங்கியிருப்பார். கீழே தலித் குடியிருப்புக்கு நடந்து போவார். அங்கே ஒரு பாட்டி தேநீர் கொடுப்பார். குடித்தால், திரும்பிப்போனதும் தங்கியிருக்கும் வீட்டில் முகம் மாறலாம். குடிக்காவிட்டால், அந்தப் பாட்டியை அவர் அவமதித்ததாகிவிடும். ஊரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்று ஒதுங்கிப்போனால், புரிந்துகொள்ள வந்தவரே தீண்டாமையைக் கடைப்பிடித்தவர் ஆகிறார்.

மலைப்பாதையிலும் இதே கணக்கு

படிப்பின் அடுத்த பகுதி மலைநடை. அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றிய பாதைகள் மாணவர்களுக்கு மிகவும் பிடித்தவை. 1986இல் அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதித் திட்டம் தொடங்கிய பிறகு அங்கே தங்கும் விடுதிகள் பெருகின. பாதையோர விடுதிகள் பெரும்பாலும் குருங், தகாலி சமூகத்தாரிடம் இருக்கின்றன. எவரெஸ்ட் பகுதி என்றால் ஷெர்பாக்களிடம். அவர்களும் ஒரு காலத்தில் பூணூல்காரர்களுக்குக் கீழே வைக்கப்பட்டவர்கள்தான். நிலமும், ராணுவ வருமானமும், வணிகத் தொடர்பும் இருந்ததால் மலைநடைத் தொழிலில் மேலே வந்தார்கள். அதில் தவறில்லை.

தலித்துகளுக்கு அந்த மூன்றில் எதுவும் பெரிதாக இல்லை. ஆகவே பாதையில் அவர்கள் சுமை தூக்குபவராக, கல் உடைப்பவராக, விடுதியின் பின்கட்டில் வேலை செய்பவராக இருக்கிறார்கள். மாணவர் நினைவுப் பொருளாக வாங்கிப்போகும் குக்ரி கத்தியை அடித்தவர் காமி. காத்மாண்டுவின் தமேல் கடைத்தெருவில் சாரங்கி வாசித்து விற்பவர் காயினே. அவர்கள் இப்போது தங்களைக் கந்தர்வா என்று அழைத்துக்கொள்கிறார்கள். நேபாளம் என்று உலகம் வாங்கிச் செல்லும் ஓசையிலும் பொருளிலும் பாதி தலித்துகளின் கைவேலை. அந்தக் கைகளுக்குச் சொந்தமான வீட்டை மட்டும் மாணவர் பார்க்காமலே விமானம் ஏறிவிடுவார்.

காகிதத்தில் நல்ல சட்டம்

நேபாள மக்கள்தொகையில் தலித்துகள் சுமார் 13 சதவீதம். எட்டில் ஒருவர் என்று சொல்லலாம். அவர்கள் கைகட்டி நிற்கவில்லை. 1947இலேயே பாக்லுங் பகுதியில் பகத் சர்வஜித் பிஸ்வகர்மா தலித்துகளைத் திரட்டிச் சங்கம் அமைத்தார். 1954இல் சகர்ஷநாத் கபாலி தலைமையில் பசுபதிநாதர் கோயில் நுழைவுப் போராட்டம் நடந்தது. 1994இல் துர்கா சோப் தலித் பெண்களுக்கான அமைப்பைத் தொடங்கினார்.

இந்தப் போராட்டங்களின் பலனாகச் சட்டங்கள் மாறின. 1963இல் வந்த புதிய முலுகி ஐன், பழைய சாதி அடுக்கைக் கைவிட்டது. 2006இல் நாடாளுமன்றம் நேபாளத்தைத் தீண்டாமையற்ற நாடு என்று அறிவித்தது. 2011இல் தீண்டாமைக் குற்றத் தண்டனைச் சட்டம் வந்தது. 2015 அரசியல் சாசனத்தின் 24ஆம் பிரிவு தீண்டாமைக்கு எதிரான உரிமையைத் தருகிறது. 40ஆம் பிரிவு தலித்துகளின் உரிமைகளுக்கென்றே எழுதப்பட்டது. தலித் மாணவர்களுக்கு ஆரம்பப் பள்ளி முதல் உயர்கல்வி வரை உதவித்தொகையோடு இலவசக் கல்வி என்று அது சொல்கிறது.

24ஆம் பிரிவில் மாணவர்கள் அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டிய ஒரு சொல் உண்டு. பொது இடத்தில் மட்டுமல்லாமல் 'தனி இடத்திலும்' தீண்டாமை கூடாது என்கிறது அது. 2011 சட்டமும் அப்படியே. 'என் வீடு, என் அடுப்படி, யாரை விடுவது என்பது என் இஷ்டம்' என்ற வாதம் நேபாளச் சட்டத்தின் முன் செல்லாது. காசு வாங்கிக்கொண்டு விருந்தினரைத் தங்கவைக்கும் வீடு அதிலிருந்து எப்படித் தப்ப முடியும்?

ஆனால் சட்டம் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம். 2020 மே 23 அன்று, ஜாஜர்கோட் மாவட்டத்தைச் சேர்ந்த 21 வயது தலித் இளைஞர் ஒருவர், வேறு சாதியைச் சேர்ந்த தம் காதலியை அழைத்துவர நண்பர்களோடு மேற்கு ருகும் மாவட்டத்துக் கிராமம் ஒன்றுக்குப் போனார். கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. ஆறு இளைஞர்கள் இறந்தார்கள். உடல்கள் பேரி ஆற்றில் கிடந்தன. குற்றவாளிகளுக்குத் தண்டனை கிடைக்க 2023 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தலைநகரம் மட்டும் என்ன? 2021இல் காத்மாண்டுவில் தலித் பெண் ஊடகவியலாளர் ஒருவருக்குச் சாதியைக் கேட்டுவிட்டு வாடகை அறை மறுக்கப்பட்டது. அவர் காவல்துறையில் புகார் கொடுத்தார். வீட்டுக்காரர் கைதானார். சில நாட்களில் அவர் வெளியே வந்தபோது, அமைச்சர் ஒருவர் தம் வாகனத்திலேயே அழைத்துச் சென்றார். கடல் கடந்து வரும் மாணவருக்கு வீடு தேடிக் கொடுக்க நிறுவனங்கள் இருக்கின்றன. மலையிலிருந்து இறங்கித் தலைநகருக்குப் படிக்கவும் வேலை பார்க்கவும் வரும் தலித் இளைஞர்கள் சொந்த நாட்டில் அறை தேடி அலைகிறார்கள்.

பரோடாவில் கிடைக்காத அறை

இதைப் படிக்கும்போது நமக்கு அண்ணல் அம்பேத்கர் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. அவரும் வெளிநாட்டில் படித்தவர். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் நியூயார்க் போனார். கொலம்பியா பல்கலைக்கழக விடுதியில் எல்லோரோடும் சமமாகத் தங்கினார். அங்கிருந்து லண்டன் சென்று படித்தார். 1917இல் உதவித்தொகை ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குச் சேர வந்தார். தங்க இடமில்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்க வேண்டிவந்தது. பதினோராம் நாள் தடியோடு வந்த கூட்டம் அவரை அங்கிருந்து வெளியேற்றியது. நண்பர்கள் இருவரை உதவி கேட்டார். இருவருமே தங்கள் வீட்டுச் சூழலைச் சொல்லித் தட்டிக்கழித்தார்கள். ஒரு பூங்காவில் உட்கார்ந்து பொழுதைப் போக்கிவிட்டு, இரவு ரயிலில் பம்பாய் திரும்பினார். கொலம்பியாவில் கிடைத்த அறை பரோடாவில் கிடைக்கவில்லை. நூறாண்டு கழித்துக் காத்மாண்டுவிலும் அதே கதைதான்.

நேபாளத்துக்கும் அவர் போயிருக்கிறார். 1956 நவம்பரில் காத்மாண்டுவில் நடந்த உலகப் பௌத்த மாநாட்டில் புத்தரையும் கார்ல் மார்க்சையும் ஒப்பிட்டுப் பேசினார். அதன்பின் மூன்று வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 6 அன்று மறைந்தார்.

வெளிநாட்டுப் படிப்பு தலித் மாணவருக்கு என்ன தரும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. சாதி கேட்காத அறையில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர், சாதி கேட்கும் ஊரைப் புதிய கண்ணோடு பார்ப்பார். நியூயார்க்கில் அவர் எழுதிப் படித்த முதல் ஆய்வுகளில் ஒன்று இந்தியச் சாதிகளைப் பற்றியதுதான்.

இன்று அந்த வாய்ப்பு எப்படி இருக்கிறது? ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் ஆண்டுக்கு 125 இடங்கள்; அதில் பட்டியல் சாதியினருக்கு 115. நாடு முழுவதற்கும் அவ்வளவுதான். 2022-23க்கான விதிகளில், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுத் தலைப்புகளுக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்று சேர்த்தார்கள். அமெரிக்க மாணவர் ஒரு செமஸ்டருக்கு நேபாளம் வந்து சாதியைப் பற்றிக் கட்டுரை எழுதி மதிப்பெண் வாங்கலாம். சாதியை அனுபவித்த இந்திய தலித் மாணவர் அரசு உதவியோடு வெளிநாடு போய்ச் சாதியை ஆராயக் கூடாது. இப்படி ஒரு விதி அன்று இருந்திருந்தால் அம்பேத்கரின் அந்த ஆய்வுக்கும் தடைதான்.

செய்யக்கூடியவை

குறை சொல்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. நேபாளத்து வீட்டுத் தங்கல் முறையிலேயே இதற்கு வழி இருக்கிறது. வீடு தேர்ந்தெடுக்கும் அதிகாரம் பணம் கொடுக்கும் கல்வி நிறுவனத்திடமும் உண்டு. 'எங்கள் மாணவர்கள் தங்கும் வீடுகளில் தலித் வீடுகளும் முறைப்படி வர வேண்டும். ஊர்க்குழுவில் தலித் பெண் ஒருவர் இருக்க வேண்டும்' என்று அவை நிபந்தனை வைக்கலாம். கூடுதல் அறையும் கழிப்பறையும் கட்ட வட்டியில்லாக் கடன் கொடுத்து, தங்கும் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம். பஞ்சே பாஜா கலைஞரை வாசிக்க மட்டும் அழைக்காமல், இசை ஆசிரியராக வகுப்புக்கு அழைத்து ஆசிரியருக்குரிய ஊதியம் தரலாம். நேபாளி மொழி வகுப்பில் வணக்கமும் நன்றியும் சொல்லிக்கொடுப்பதோடு, முலுகி ஐனையும் 24ஆம் பிரிவையும் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கலாம்.

வருமானத்துக்காக மிலேச்சரை உள்ளே விட்ட ஊர், அதே வருமானம் நின்றுபோகும் என்றால் தமாயியையும் உள்ளே விடும். மனம் மாறியா விடும் என்று கேட்கலாம். முதலில் கதவு திறக்கட்டும். ஒரே திண்ணையில் உட்கார்ந்து ஒரே பானையில் வடித்ததை உண்டு வளரும் பிள்ளைகளுக்குத் தீட்டு என்ற சொல் தானாகவே விளங்காமல் போகும்.

நம் மாணவர்களுக்கு ஒரு சொல். வெளிநாட்டுப் படிப்பு நமக்கில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. ஒன்றிய அரசின் உதவித்தொகையும் இருக்கிறது. தகுதி, வருமான வரம்பு, கடைசி நாள் ஆகியவை ஆண்டுதோறும் மாறலாம். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். இளங்கலை இரண்டாம் ஆண்டிலேயே கடவுச்சீட்டு, சாதிச் சான்று, வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். போகிற ஊரில் யார் வீட்டில் தங்குகிறீர்கள் என்பதைப் பாருங்கள். அந்த வீட்டுக்குள் வர முடியாமல் வாசலில் நிற்பவர் யார் என்பதையும் பாருங்கள். உங்கள் ஆய்வை அவரிடமிருந்து தொடங்குங்கள்.